செப்புக் குழாய்

மில்லராய் இன்றும் யஸ்னாவை விட்டுத் தள்ளி, சாப்பாட்டு மேசையின் அந்தக் கோடியில்தான் போய் உட்கார்ந்தாள்.

வளர்ப்புக்கு விட்ட பிள்ளைகளைப் பார்வையிட வந்திருந்த ஒரியெட்டா அம்மாள் தேநீரை உறிஞ்சியபடி அதைக் கவனித்தாள். வளர்ப்புத் தாய் யஸ்னாவின் பக்கம் திரும்பினாள்.

"குழந்தை உங்ககிட்ட ஒட்டவே இல்லையேம்மா. இப்படியே இருந்தா வேற வீடுதான் பார்க்கணும்."

யாரைச் சொல்லி நோவது? எல்லாம் யஸ்னாவின் அவசர புத்தி.

மழை ஓயாத தெற்கிலிருந்து, மழையையே காணாத இந்தப் பாலைவன ஊரான கலாமாவுக்கு அந்த ஆறு வயதுப் பிள்ளை வந்து சேர்ந்த அன்று, நாற்பது வயதுவரை பிள்ளைக்காக ஏங்கியவள் கம்பளி விரிப்பின் மேல் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஓடிப்போய்க் கன்னத்தைத் தொட்டாள். பட்டென்று பொறி பறந்தது. யஸ்னாவே "ஐயோ" என்று கையை உதறினாள்.

இந்த வறட்டுக் காற்றில் வளர்ந்தவர்கள் ஒருவரைத் தொடுமுன் ஒரு இரும்பையோ குழாயையோ தொட்டு, கம்பளியில் உரசி உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிடுவார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அன்றிலிருந்து யஸ்னா சமையலறையின் செப்புக் குழாயைத் தொடாமல் பிள்ளை பக்கம் போவதில்லை. என்ன பிரயோசனம்? கை நீட்டினாலே மில்லராய் பின்வாங்கினாள். சூடு கண்ட பூனை, வேறெப்படி இருக்கும் என்று யஸ்னா தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரியெட்டா கோப்பையை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

மில்லராய் எழுந்தாள். விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், எக்கி, ஒரு கையால் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறு கையை யஸ்னாவிடம் நீட்டினாள்.

"அத்தை, இப்ப என்கிட்ட ஷாக் இல்ல. தொட்டுக்கோங்க. உங்களுக்கு வலிக்காது."

யஸ்னா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அத்தைக்கு வலிக்குமென்றா இந்தப் பிள்ளை இத்தனை நாளும் ஒதுங்கி ஒதுங்கிப் போனது?

குழாயாவது ஒன்றாவது. கம்பளி விரிப்பின் மேலேயே ஓடிப்போய் அந்தக் கையைப் பற்றினாள்.

பட்.

இருவருமே துள்ளினார்கள். மில்லராய் தான் பிடித்திருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு யஸ்னாவை ஏறிட்டாள்.

"அப்ப அது நான் இல்லையா?"

"நான்தாண்டி. அன்னைக்கும் நான்தான்."

மில்லராய் மெல்லக் குழாயை விட்டுவிட்டு, அந்தக் கையாலும் யஸ்னாவைப் பிடித்துக்கொண்டாள்.