வாசலுக்கு வராத பார்சல்

அறிவியல் கதை எழுத்தாளர் பரிதிவாணன் காலையில் கற்பனை செய்யும் கருவி, சாயங்காலத்துக்குள் பார்சலாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும். தொழிற்சாலைகள் அவ்வளவு ஆவலாகக் கதை படித்தன. தானே உலரும் குடையை எழுதினார், குடை வந்தது. முருங்கைக்கீரை ஆயும் இயந்திரத்தை எழுதினார், அதுவும் வந்தது. மனைவி தமயந்திக்கு ஏக சந்தோஷம்.

பத்திரிகை ஆசிரியர்தான் போனில் சலித்துக்கொண்டார். “சார், நாளைக்கு வரப்போறதை எழுதுங்கன்னா, என் வீட்ல நேத்தே வாங்கினதை எழுதுறீங்க. இது கதை இல்ல, விளம்பரம்.”

பரிதிவாணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மை காய்வதற்குள் வார்த்தை பொருளாகிவிட்டால் எழுத்தாளனுக்கு என்னதான் மிச்சம்? எவராலும் தயாரிக்க முடியாத ஒன்றை யோசித்து யோசித்து, கடைசியில் எழுதியே விட்டார்: மனைவிக்கு முன்பே எழுந்து, கேட்காமலே காப்பி போட்டுத் தருகிற கணவன். இயந்திரம் அல்ல, அசல் கணவன்.

நான்கு நாள் ஆகியும் அழைப்பு மணி அடிக்கவில்லை.

“ஜெயிச்சுட்டேன் தமயந்தி! விஞ்ஞானமே தொட முடியாத கற்பனை!” என்று ஐந்தாம் நாள் காலை அவர் குதித்தார்.

தமயந்தி காலி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். “நானும் நாலு நாளாப் பாக்குறேன். இந்தப் பார்சல் வாசல் வழியா வராதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லியாங்க?”

பரிதிவாணன் டம்ளரைப் பார்த்தார். பேனாவை மூடினார். எழுந்து சமையலறைக்குள் போனார். சற்று நேரம் டப்பாக்கள் உருளும் சத்தம்.

“தமயந்தி, காப்பிப்பொடி எங்க இருக்கு?”

“கதையில வர்றவருக்குத் தெரியுமே!” என்று சிரித்தபடி அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள்.