இரண்டு இஞ்ச் குறைவு

"டேப்பை நல்லா இழுத்துப் பிடி. தொய்வா இருந்தா அளவு தப்பாயிடும்" என்றார் கணவர், அந்தச் சின்ன லாரியின் மறுபக்கத்திலிருந்து.

அவள் இந்தப் பக்கத்துப் பின்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓடாமல் நின்ற அந்த லாரியின் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்சிலை ஒரு மெக்கானிக் கேட்டிருந்தார். தரையில் வைத்திருந்த போனில் அவர் குரல் கேட்டது.

"டயர் நடுவிலேர்ந்து டயர் நடு வரைக்கும் அறுபத்தாறு இஞ்ச் வேணும்ண்ணே. சரியா இருந்தா நாளைக்கே வந்து கழட்டிக்கிறேன்."

டேப்பில் அறுபத்தாறு தெளிவாகத் தெரிந்தது. அவள் போன் பக்கம் குனிந்து சொன்னாள்.

"அறுபத்துநாலு."

"கண்ணாடி போட்டிருக்கியா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சுபோச்சு? அறுபத்துநாலுதான்!"

"அப்போ என் வண்டிக்குச் சேராதுண்ணே. டயர் உள்ள தள்ளிப் போய் உரசும். நான் வேற இடம் பாக்கறேன்." மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

கணவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலையிலேயே நான் தனியா அளந்து பாத்துட்டேன். அறுபத்தாறுதான்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"தர்றேன்னு சொல்லிட்டேன். இப்ப முடியாதுன்னு சொல்ல வாய் வரல. உனக்கும் கொடுக்க மனசு வராது, அளவை மாத்திச் சொல்லுவேன்னு தெரியும்."

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விபத்தில் நசுங்கிப்போன லாரியின் முன்பக்கத்தை இருவருமே பார்க்கவில்லை.

"நம்ம பையன்தான் இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார் அவர். "அவன் ஓட்டின வண்டியையாவது யாரும் பிரிக்க வேண்டாம்."