வேலைச் சட்டை

தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் ஏ.எல்.எஸ். நோய் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகு, அதன் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி வந்தாள்.

"ஐயா, முதல்ல உங்க வேலையைச் சொல்லுங்க."

"பேட்டரி கம்பெனியில ஈயம் உருக்கினேன்."

"மாஸ்க் போட்டுக்குவீங்களா?"

"பெரிய அதிகாரி வந்தா போட்டுக்குவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து என் மனைவி கண்கொட்டாமல் என்னையே பார்த்தாள்.

"வேலைச் சட்டையோடயேவா வீட்டுக்கு வருவீங்க?"

"ஆமா. உடம்பெல்லாம் தூசியா இருக்கும். 'பேய் வந்தாச்சு'ன்னு இவ கேலி பண்ணுவா."

"சரி. நோய் வந்தது அம்மாவுக்குத்தானே? அவங்க என்ன வேலை பார்த்தாங்க?"

"வீட்ல சும்மாதான் இருந்தா."

"உங்க சட்டையை யார் துவைச்சாங்க?"

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். துவைக்கும் முன் கொல்லையில் நின்று அதை உதறுவாள். தூசி அவள் முகத்தில்தான் பறக்கும்.

"அதுதான் காரணம்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, ஐயா" என்றாள் வந்தவள், அவசரமாக.

மனைவி ஏதோ குழறினாள். அவள் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்கும்.

"என்ன சொல்றாங்க?"

"அப்போ... இவருக்கும் வந்துடுமான்னு கேக்கறா."

தன் நோய்க்கு ஒருநாளும் பயப்படாதவள், அன்றுதான் பயந்தாள்.