மயிலுக்கு வந்த சொந்தம்

எல்லா உயிர்களின் மரபணுக்களையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்க ஆமை ஒரு தரவுத்தளம் அமைத்திருந்தது. யாருக்கு யார் நெருங்கிய சொந்தம் என்று தேடிச் சொல்லும் மென்பொருளையும் பத்து வருஷம் உட்கார்ந்து அதுவே எழுதியிருந்தது. ஒருநாள் மயில் வந்து தன் இறகு ஒன்றைக் கொடுத்தது.

"எனக்குக் கருடன்தான் சொந்தமாயிருப்பார். பார்த்துச் சொல்லும்" என்றது.

திரையில் ‘கோழி’ என்று வந்தது.

"உம்ம மென்பொருள்ல கோளாறு!" என்று மயில் கத்தியது.

ஆமைக்கு முகம் வாடிவிட்டது. மூன்று நாள் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, மறுபடி ஓட்டியது.

"நீங்க சொன்னது சரிதான், ஒரு குறை இருந்தது. கௌதாரியும் காடையும் விட்டுப்போயிருந்தாங்க. சேர்த்துட்டேன்."

"ஐயோ, எல்லாத்தையும் அழிச்சிடும்!" என்று மயில் கெஞ்சியது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கோழி திரையைப் படித்தது. மயிலை மேலும் கீழும் பார்த்தது. பிறகு ஆமையிடம் மெதுவாகச் சொன்னது:

"ஆமாங்க, அழிச்சிடுங்க. எங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். மேகத்தைப் பார்த்தா வேலையைப் போட்டுட்டு ஆடுற ஆளு எங்க குடும்பத்துல இருக்குன்னு தெரிஞ்சா யார் வருவாங்க?"

மயிலுக்குச் சுருக்கென்றது. ஆமைக்கும் கணினிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது.

"ஒரு எழுத்தைத் தொடக்கூடாது! ஏன் அக்கா, எனக்கு என்ன குறைச்சல்?"