ஐந்து நாள் தாகம்

காலை எட்டு மணிக்கே அவர் பெயரைப் போட்டுத் துறைத் தலைவருக்குப் புகார் எழுதி அனுப்பிவிட்டுத்தான் செடிகள் வளரும் கண்ணாடிக் கூடத்துக்குப் போனேன். நேரில் கேட்பது சும்மா ஒரு மரியாதைக்கு.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. கல்யாணமான மாதமே என் கணவர் கண்டுபிடித்துவிட்ட உண்மை அது.

கடிகாரம் உள்ளே ஆர்க்கிட் தொட்டிகளின் அடித்தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. காலை ஏழு பத்துக்குக் கதவைத் திறப்பார். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அது ஏழு பதினொன்று ஆனதில்லை.

என் ஆராய்ச்சி ஒன்றும் மாயமந்திரம் இல்லை. கைக்கு அடங்குகிற தொட்டிகளில் முப்பது குட்டி ஆர்க்கிட்டுகள். பதினைந்துக்குத் தினமும் என் கையாலேயே தண்ணீர். மற்ற பதினைந்துக்கும் நாற்பது நாள் ஒரு சொட்டு கிடையாது.

ஆர்க்கிட் ரொம்ப அழுத்தம். தாகத்தை வெளியே காட்டிக்கொள்ளாது. இலை சீக்கிரம் வாடாது, நிறமும் மாறாது. உள்ளே மட்டும் ஒரு மரபணு விழித்துக்கொண்டு, இருக்கிற ஈரத்தை இறுக்கிப் பிடி என்று உத்தரவு போட ஆரம்பிக்கும்.

அது எந்த நாளில் எவ்வளவு விழிக்கிறது என்று பார்க்கத்தான் தினமும் மதியம் இலையில் ஒரு துணுக்கு வெட்டி உறைய வைத்தேன். மூன்று வருட வேலையின் கடைசிப் படி. என் வேலை நீடிப்பதும் இந்த முடிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முடிவு நேற்று வந்தது.

காய்ந்து கிடந்திருக்க வேண்டிய பதினைந்தும் சுகமாகக் குடித்து வளர்ந்திருக்கின்றன. மரபணு குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறது.

இடையில் ஐந்தே ஐந்து நாள், பத்தொன்பதாம் நாளிலிருந்து இருபத்து மூன்றாம் நாள் வரை, கோடு விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. பிறகு தொப்பென்று விழுகிறது.

முதலில் பக்கத்து அறை ஆராய்ச்சியாளரைத்தான் சந்தேகப்பட்டேன். அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பிறகு ஏதோ தோன்றி வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

கடிகாரம் பதினோரு வருடத்தில் எடுத்த ஒரே விடுப்பு அந்த ஐந்து நாள். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’.

தினமும் தொட்டிகளை எடை போட்டு நோட்டில் எழுதியதும் அவரேதான். எடை நாளுக்கு நாள் அழகாகக் குறைந்திருந்தது. கூடத்துக்கே வராத ஐந்து நாளுக்கும் சேர்த்துக் குறைத்திருந்தார்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்திருக்கிறேன்.

வரைபடத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இதுங்களுக்குத் தண்ணி ஊத்தினீங்களாண்ணா?”

இல்லை என்பார், சாதிப்பார், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“ஊத்தினேன் மேடம். தினமும் ஆளுக்கு ஒரு மூடி.”

ஆளுக்காம். சட்டைப் பையிலிருந்து பாட்டில் மூடி ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று கத்தினேன்.

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார். மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மனைவி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பாராம். இவர் பாட்டில்களை ஒளித்து வைப்பாராம். வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்கு வரும் குழாயையே வெளியில் அடைத்துவிட்டு வருவாராம்.

இவருக்கு ஒரு மனைவி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“அவகிட்ட குடுக்க மாட்டேன்னு சொல்லியே ஆகணும். இங்க வந்து இதுங்ககிட்டயும் அதையே சொல்ல மனசு வரல மேடம்.”

என் அலைபேசி அதிர்ந்தது. தலைவரின் பதில். நாளை முதல் கூடத்துக்கு வேறு ஆள் வருவார். உடனே தெரிவித்ததற்கு நன்றி.

‘கொஞ்சம் பொறுங்கள், நான் வந்து பேசுகிறேன்’ என்று அவசரமாகத் தட்டினேன்.

‘கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று’ என்று வந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. தலைவர் எழுதியதை அவரிடம் சொல்லத் துணிவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, வீட்டில் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு மேலே ஏறுகிற இடத்தில் விரலை வைத்து, இது என்ன என்றார்.

நீங்கள் இல்லாத ஐந்து நாள், தாகத்தில் தவித்திருக்கின்றன என்றேன்.

அவர் விரல் அந்த ஏற்றத்தில் கீழிருந்து மேலே மெதுவாகப் போனது.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனிமே கேட்டதெல்லாம் குடுங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு மேடம். அந்தக் கடைசி மூணு நாளும் டம்ளர் நிறைய தண்ணி வெச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அவ கேக்கவே இல்ல.”