கோல்கீப்பரின் பல்செட்

திருமணமாகி முப்பது வருடம் கடந்த தம்பதிக்குள் ரகசியம் எதுவும் இருக்காது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஆதாரமற்ற நம்பிக்கை. ரகசியம் இருக்கும். குளியலறை அலமாரியில், ஷேவிங் பிரஷ்ஷுக்குப் பின்னால், ஒரு தம்ளர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

தம்ளரின் சொந்தக்காரர் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் அலுவலகக் கால்பந்து அணிக்கு கோல்கீப்பர். பழைய நண்பர்களுக்கு இன்றும் அதுதான் அவர் பெயர். இறுதிப் போட்டியில் பாய்ந்து தடுத்தபோது முகம் கம்பத்தில் மோதியது. பந்து உள்ளே போகவில்லை. மேல்வரிசைப் பற்கள் வெளியே வந்துவிட்டன.

பல்செட் வாங்கிய அடுத்த மாதமே கல்யாணம் நிச்சயமாயிற்று. "உங்க சிரிப்பு நல்லாருக்கு" என்றாள் பெண். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

இப்போது ஈறு தேய்ந்து, பல்செட் ஆட ஆரம்பித்திருந்தது. தும்மல் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் வாயருகே வைத்துத் தயாராக நின்றார். பழைய பயிற்சி வீண்போகவில்லை.

இம்ப்ளான்ட் என்றால் பல்லைத் தாடை எலும்பிலேயே திருகிவிடுவார்கள், கழற்றி மாட்டும் வேலையே கிடையாது என்று கேள்விப்பட்டதும் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டார். மகளிடம் சொன்னால் அது அடுத்த நிமிடம் அம்மாவிடம் போய்விடும். வீட்டில் கண் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது மாப்பிள்ளை. இத்தனை வருஷம் ஏமாத்தினவன்னு ஆயிடும்."

எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆயிற்று. பல் டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் அறையில் மாமனார் இளமைக்குத் திரும்பிவிடுவார். மைதானத்து வாசலில் கொய்யா விற்றவர், ஒரு கடி கடித்தால் அடுத்த பெஞ்சுக்குக் கேட்ட சத்தம், பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து ஜெயித்த பந்தயம்.

"அதெல்லாம் சரி மாமா, பல் வந்து என்ன பண்ணப் போறீங்க? அத்தை சமையலுக்கு உதடே போதுமே."

மாமனார் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டின் பழைய நகைச்சுவை அது. பீன்ஸ் கூழாகிற வரைக்கும் வேகும். ஆப்பிள்கூட வெந்துதான் தட்டுக்கு வரும். வறுத்தது, முறுகியது எதுவும் வாசற்படி தாண்டியதில்லை. கேட்டால், கடினமானது தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பார் மாமியார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவதுதான் உண்மையான காரணம் என்பது மகளின் தீர்ப்பு. மாமனார் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. அவருக்கு அது வசதியாகவே இருந்தது.

கடைசியில் பற்களைப் பொருத்திய டாக்டர், ஆளைத் தவிர எதை வேண்டுமானாலும் கடிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால், மகளும் வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் நெருப்பில் சுட்ட சோளக்கதிர்கள் அடுக்கியிருந்தன.

"நம்ம வீட்டுலயாம்மா இது?" என்றாள் மகள்.

மாமியார் கணவரைப் பார்த்தார்.

"கண் வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இனிமே கழண்டு விழாதில்ல?"

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே எதையோ கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தார். மாமனார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"இந்த வேலையா? கண் டாக்டரைப் பார்க்கப் போறவர் எதுக்கு அரை மணி நேரம் வாய் கொப்பளிக்கணும்?"

"அது இல்ல. பழசு."

"கல்யாணமான மறுவாரமே தெரியும். தம்ளரை ஒளிச்சு வெச்சீங்க, சரி. வாயைப் பொளந்துகிட்டுல்ல தூங்குறீங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்ற வரைக்கும் கேக்க வேண்டாம்னு இருந்தேன். நாலு பேரோட சாப்பிடும்போது மானம் போயிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை."

மகள் சோளத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமனார் ஒரு கதிரை எடுத்தார். உடனே கடிக்கவில்லை, கையிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மாமியார் காத்திருக்கவில்லை. அன்று அவர் மட்டும் மூன்று கதிர் சாப்பிட்டார்.