பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

எதிர்வீட்டு வசுமதி தனியாள். ஆனால் மூன்று நாளாக உள்ளே ஆண் குரல் கேட்டது. சும்மா இருக்க முடியுமா? கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நுழைந்துவிட்டேன்.

குரல் அவள் புருஷன் செங்கோடனுடையதுதான். டப்பிங் பேசினவர், செத்து இரண்டு வருடமாகிறது. குரல் இப்போது ஸ்டுடியோவின் சொத்து; கம்ப்யூட்டரை வைத்து அதில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கிறார்களாம். மனைவிக்கு மட்டும் ஒரே ஒரு சொல் இலவசம் என்று சட்டமாம். இவள் தன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மேசையில் ஸ்டுடியோ கொடுத்திருந்த பெட்டி "வசுமதி" என்றது.

"அச்சு அசல் அவரேதான்டி!"

"ரேஷன் கடையில கூப்பிடுற மாதிரி இருக்குக்கா. முப்பது வருஷத்துல ஒரு நாள் என் பேரைச் சொன்னாரா? 'ஏ, இந்தா'ன்னுதானே கூப்பிடுவாரு."

"அதையே கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். அது சீரியல் வில்லனோட பஞ்ச் டயலாக்காம். தர முடியாதாம்."

வீட்டில் கூப்பிட்டதையே மைக்கிலும் பேசித் தொலைத்திருக்கிறார் மனுஷன்!

டிவியில் அந்தச் சீரியல் ஆரம்பித்தது. வில்லன் செங்கோடன் குரலில் யாரோ ஒருத்தியை அதட்டினான்: "ஏ, இந்தா!"

"என்னங்க?" என்று எழுந்தே விட்டாள் வசுமதி.

வில்லன் திரும்பாமல் அந்த இன்னொருத்தியிடமே பேசிக்கொண்டிருந்தான்.